நடுவில் வெள்ளையாக விட்ட நாற்காலி

என் வீட்டுக்காரர் முகம் வரைகிறவர். பாளையங்கோட்டையில் போதகர்கள், பண்ணையார்கள், மண்டிக்காரர்கள் என்று பலருடைய வீட்டுச் சுவரில் அவர் வரைந்த எண்ணெய்ப் படம் தொங்கியது. நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் உபாத்தியாயினி.

டில்லியில் வெள்ளைக்கார ராஜாவுக்குப் பட்டாபிஷேக தர்பார் நடந்த வருஷம். ஒரு சனிக்கிழமை காலை, நெல் மண்டி அண்ணாச்சி ஒருவர் தம் படத்தை வண்டியில் திருப்பிக் கொண்டுவந்து எங்கள் முன்னறையில் சாய்த்து வைத்தார்.

“இது என் மூஞ்சியாவே? நல்லாப் பாரும். ஒரு கண்ணு மேல ஏறிக் கெடக்கு. வீட்டுல பிள்ளைங்க சிரிக்குதுவே!”

“வச்சிட்டுப் போங்க அண்ணாச்சி, சரி பண்ணித் தாரேன்” என்றார் என் வீட்டுக்காரர். அண்ணாச்சி போனதும் அவரும் எங்கோ கிளம்பிவிட்டார்.

நான் படத்தைப் பார்த்தேன். தலைப்பாகையும் தோள் துண்டும் அப்படியே இருந்தன. முகம்தான் யாருடையதோ மாதிரி கோணியிருந்தது. முதலில் போட்ட பென்சில் படத்தோடு ஒப்பிடலாம் என்று அவர் வரைகிற அறைக்குப் போய்த் தகரப்பெட்டியைத் திறந்தேன்.

உள்ளே இருந்தவை நீர்வர்ணப் படங்கள். அவர் நீர்வர்ணத்தைத் தொடுவார் என்பதே எனக்குத் தெரியாது. எல்லாம் அந்த அறைச் சாமான்கள்: தூரிகைகள் நிற்கும் ஊறுகாய் ஜாடி, எண்ணெய்ப் புட்டி, வர்ணம் துடைத்த கந்தல், ஆட்கள் உட்காரும் நாற்காலி. என்ன அழகு என்று ஒவ்வொன்றாக எடுத்தேன். அதே சாமான்களே திரும்பத் திரும்ப வந்தன. போகப் போக ஜாடிக்கு வாயும் அடியும் மட்டும் இருந்தன. நாற்காலிக்குக் கையும் காலும் இருந்தன, நடுவில் வெறும் வெள்ளைத் தாள். முடிக்காமல் விட்டதாக நினைத்தேன். பத்துப் பன்னிரண்டு தாள்கள் அப்படியே இருந்தபோது, அவற்றை எடுத்துக்கொண்டு முன்னறைக்கு வந்து உட்கார்ந்தேன்.

மத்தியானம் அவர் வந்ததும் தாள்களை நீட்டினேன்.

“நடுவுல ஏன் வரையல?”

“அங்கன எனக்கு ஒண்ணும் தெரியலை. தெரிஞ்சதை மட்டும் வரைஞ்சு பாத்தேன், எம்புட்டுப் போயிருக்குன்னு.”

“என்ன சொல்லுதிய?”

“நேராப் பாத்தா பொகையா இருக்கு. ஓரத்துல உள்ளதுதான் தெரியுது. ரெண்டு வருசமாச்சு.”

ஜன்னல் வெளிச்சம் என் முகத்தில் படும்படி அவர் முன்னால் போய் நின்றேன்.

“என்னையப் பாருங்க. என்ன தெரியுது?”

தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தார்.

“கம்மல் தெரியுது. சீலைக்கரை தெரியுது. ஏளா, வேற கேக்காத.”

சாயங்கால ஜெபத்தில் தினமும் வேதப் புத்தகத்தைத் திறந்து வைத்து வாசிப்பாரே என்று கேட்டேன். எல்லாம் மனப்பாடம் என்றார். பக்கத்தைக்கூடச் சரியாகப் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் துரை டாக்டர் அவர் கண்ணைக் கண்ணாடி வைத்துப் பார்த்துவிட்டு, இதற்கு மருந்தும் இல்லை, அறுவையும் இல்லை என்றார். மறுநாள் என் வீட்டுக்காரரே மண்டிக்குப் போய் விஷயத்தைச் சொன்னார். “முன்னாலயே சொல்லப்பிடாதாவே?” என்று கேட்டாராம் அண்ணாச்சி. சாயங்காலம் வந்து படத்தை எடுத்துப் போனார். எங்கே மாட்டினார் என்று நாங்கள் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு என் வீட்டுக்காரர் முகம் வரையவில்லை. சாமான்களை மட்டும் இன்னும் சில மாதம் வரைந்தார்.

என்னால்தான் அந்தச் சனிக்கிழமையைத் தாண்ட முடியவில்லை. பள்ளிக்கூடத்தில் எந்தப் பிள்ளை சாப்பிடாமல் வந்திருக்கிறாள், எவளுக்குப் பல்வலி என்று பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுகிறவள் நான். தினமும் அவர் எதிரே ஜெபத்துக்கு உட்கார்ந்தும் இரண்டு வருஷமாக எனக்கு ஒன்றும் தெரியவில்லை.