அக்தேபே மேட்டில் நட்ட கொம்பு

நோர்முமின் செத்து எத்தனையோ வருஷமாகியும் அவன்மேல் எனக்குக் கோபம் தீரவில்லை. ஊர் பார்க்க என்னை ஒரு சாப்பாட்டு விரிப்புக்கு முன்னால் கையேந்தி ஓத வைத்தவன் அவன்.

எங்கள் ஊர் அக்தேபே மேட்டில் மண் வெட்டுகிற ஆள். வசந்தத்தில் நகரத்திலிருந்து தொல்பொருள் ஆராய்ச்சிக்காரர்கள் தோண்ட வருவார்கள், அவர்களிடம் கூலி. நாலாயிரம் வருஷத்துப் பச்சைச் செங்கல் சுவர்கள், நடுவே அடுப்பு வைத்த வீடுகள், தூரத்து மலையின் நீலக்கல் மணிகள் கிடைத்தன. இந்தப் பள்ளத்தாக்கில் வாய்க்கால் வெட்டி முதலில் பார்லி விதைத்தவர்கள் அந்த வீட்டுக்காரர்கள்தானாம். மேட்டில் பாதிகூட அப்போது தோண்டியிருக்கவில்லை.

குளிருக்கு அவர்கள் கிளம்பியதும் பண்ணைத் தலைவர் ஜுராகுல், பண்ணை புல்டோசர் ஓட்டுகிற என்னைக் கூப்பிட்டார். "மேட்டை இடிச்சுச் சமமாக்கு. பருத்தி போடணும்."

புல்டோசரோடு போனேன். உச்சியில் கம்பம், வெள்ளைத் துணி, கடாக்கொம்பு; எங்கள் பக்கம் மகான்களின் சமாதிக்கு அதுதான் அடையாளம். யாரோ பெரியவர் அடங்கிய இடம் என்று இறங்கிக் கையேந்தி ஓதினேன். பின்னால் கூடியிருந்தவர்களில் ஒருத்தி கத்தினாள்.

"அது நோர்முமின் வீட்டு விரிப்புய்யா! டீக்கறை தெரியலையா?"

ஊரே சிரித்தது. ஆனாலும் வண்டியை ஏற்றக் கை வரவில்லை. கீழே நிஜமாகவே யாராவது இருந்தால்?

ஜுராகுல் மேலே ஏறி வந்தார். "யாருடா இங்க அடங்கியிருக்கறது?"

கம்பத்தடியில் உட்கார்ந்திருந்த நோர்முமின், "ஒரு மனுஷன்" என்றான்.

"பேரு?"

"என்ன அவசரம்? அப்புறம் சொல்றேன்."

"சந்தை நாள் வரைக்கும் பொறுப்பேன். அன்னிக்கு இங்க சமாதின்னு ஒண்ணு இல்லேன்னா, மேடும் கிடையாது, நீயும் கிடையாது."

சந்தைக்கு முந்தின நாள் சண்டை போடத்தான் அவன் வீட்டுக்குப் போனேன். படுக்கையில் கிடந்தான். இருமினால் ரத்தம்.

"என்னைக் கேனையனாக்கிட்டியே! கீழ ஆள் இருக்கா, இல்லையா?"

"இல்லடா. வரும்."

எனக்கு உறைக்கக் கொஞ்சம் நேரமாயிற்று.

"பைத்தியமா உனக்கு? இடுகாட்டுல உங்கப்பன் பக்கத்துல இடம் கிடக்கு."

"உயிரோட இருந்தப்ப அவரு திட்டினது போதும்." சிரிக்கப் போய் மறுபடி இருமினான். "சமாதிமேல ஜுராகுலுக்கே வண்டி விடத் தைரியம் வராது."

என் சட்டையைப் பிடித்துக் கிட்டே இழுத்தான்.

"குழியை நீதான் வெட்டணும். கொம்பு நட்ட இடத்துல வேண்டாம், அடியில வீடு இருக்கு. வடக்கோரம் வெறும் மண்ணு, அங்க வெட்டு. செங்கல் தட்டுப்பட்டா நிறுத்திட்டு இன்னும் தள்ளிப் போ."