ஆறு புள்ளி பன்னிரண்டு

கணினிக்கு ஒரு கெர்னல் பதிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது பூமாரி அதைப் புகழ்ந்து எழுதியவற்றைப் படிப்பதில்லை; திட்டி எழுதியவற்றை மட்டுமே படிக்கிறார். தாராவியில் ஃபர்ஸானாவும் அவர் கணவர் காசிமும் நடத்தும் கல்யாண வீடியோ ஸ்டூடியோவில், கைப்பேசியில் ஒரு நெடும் புகாரை முடித்துவிட்டு என்னிடம் சொன்னார்: "இந்த ஆளு நல்லா ஏசுதான் சார். ஆனா ஏசுனது பூரா சவுண்டப் பத்தி. டிஸ்க்க ஒண்ணும் சொல்லல. அப்ப இத எடுக்கலாம்."

அது ஐப்பசி. என் மகள் ஷ்ருதியின் கல்யாணத்துக்கு வீடியோ ஏற்பாடு செய்ய மாட்டுங்காவிலிருந்து சென்றிருந்தேன். ஸ்டூடியோ அப்போது, வட்டில் படங்களை அடுக்கிவைக்கும் புதுவகைக் கோப்பு முறைமை ஒன்றுக்கு மாறிக்கொண்டிருந்தது. சேமித்த படம் எங்கேனும் கெட்டால் அதுவே கண்டுபிடித்துவிடுமாம். கணினியின் அடித்தள மென்பொருளான கெர்னலுக்கு அந்த முறைமை தெரிந்திருக்க வேண்டும். ஸ்டூடியோவில் இருந்த பழைய பதிப்புக்குத் தெரியாது. பூமாரி ஆறு புள்ளி பன்னிரண்டைத் தேர்ந்தார்.

நாற்பது வயதிருக்கும். குர்லாவில் கணினி பழுதுபார்க்கிறார். கொண்டையில் செருகிய சிறு ஸ்க்ரூட்ரைவரை மேசையெங்கும் தேடுவார். தாதர் ரயில் நிலையத்தில் நெரிசலான முதல் வண்டியை விட்டுவிட்டு அடுத்ததில்தான் ஏறுவார். கெர்னலுக்கும் அதே விதி. "வந்த அன்னைக்கே ஏறப்புடாது. மிதிபடுறவன் மொதல்ல மிதிபடட்டும்."

மார்கழியில் முகூர்த்தம் இல்லை. தமிழ்க் கல்யாணங்களை நம்பியிருக்கும் அந்த ஸ்டூடியோ, கேமராக்களைப் பழுதுபார்த்து, விளக்குகளை மாற்றி, தை மாதத்துக்குத் தயாராவது அம்மாதத்தில்தான். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க நான் போன காலையில், காசிம் கணினித் திரைமுன் வெளிறி நின்றிருந்தார். அடையாளம் தெரியாத வட்டு என்றது திரை; முழுதும் அழித்து ஃபார்மாட் செய்யட்டுமா என்றும் கேட்டது. கார்த்திகையில் எடுத்த பதினொரு கல்யாணங்கள் அந்த வட்டில் இருந்தன. ஷ்ருதியுடையதும் அவற்றில் ஒன்று.

ஃபர்ஸானா அழைத்திருந்த பூமாரி படியேறி வந்தபோது காசிமின் விரல் மவுஸின்மேல் இருந்தது.

"கைய எடுங்க பாய்."

"ஃபார்மாட் போட்டா சரியாயிரும்லா?"

"சரியாயிரும். பதினோரு மாப்பிள்ளையும் திரும்பப் பிரம்மச்சாரி ஆயிருவாங்க. என்ன செஞ்சிய?"

"எல்லாத்தையும் சர்வீஸ் போட்டோம்லா, இதையும் லேட்டஸ்ட் ஆக்கிருவோம்னு ஆறு புள்ளி பதினெட்டு போட்டேன். பன்னெண்டுல இருக்கது பதினெட்டுல இருக்காதா?"

"இல்ல பாய். அந்தக் கோப்பு முறையையே கெர்னல்லருந்து தூக்கிட்டாங்க."

புதியதில் கூடும் என்றுதான் நாங்கள் மூவரும் நம்பியிருந்தோம்; குறையும் என்பது எங்களில் எவருக்கும் தோன்றியதே இல்லை.

"பூமாரிக்கா," என்றார் ஃபர்ஸானா மெதுவாக, "கேமரா கார்டுங்களையெல்லாம் அழிச்சிட்டோம். வேற காப்பி கெடையாது. ஒங்களுக்கு இது முன்னமே தெரியுமா?"

பூமாரி திரையைப் பார்த்தபடி சொன்னார்: "படிச்சேன். நாமதான் பன்னெண்டுல இருக்கமே, என்னத்துக்குச் சொல்லிக் கலங்க வைக்கணும்னு விட்டுட்டேன். பாய் மேல தப்பில்ல. எம்மேலதான்."

கணினியை அணைத்து மீண்டும் இயக்கினார். தொடக்கத்தில் தோன்றும் கெர்னல் பட்டியலின் அடியில் பழைய பன்னிரண்டு அழிபடாமல் கிடந்தது. அதைத் தேர்ந்தார். கறுப்புத் திரையில் வெள்ளை வரிகள் ஓடி நின்றன. பிறகு ஒவ்வொன்றாகப் பதினொரு கோப்புறைகள் வந்தன. ஏழாவதில் ஷ்ருதியின் பெயர் இருந்தது.

ஃபர்ஸானா சுவரில் சாய்ந்தார். பூமாரி சிரிக்கவில்லை. பழைய முறைமையில் அமைந்த வட்டு ஒன்றைக் கேட்டு வாங்கி இணைத்து, எல்லாவற்றையும் அதில் நகலெடுக்க விட்டார். ஆறு மணி நேரம் ஆகும் என்றது திரை.

காசிம் சாயா நீட்டினார். பூமாரி வாங்கவில்லை. நாற்காலியை இழுத்துத் திரைக்கு எதிரே போட்டு, எதையும் தொட்டுவிடாதபடி இரு கைகளையும் தொடைகளுக்கு அடியில் வைத்து, அவற்றின்மேல் அழுந்த உட்கார்ந்துகொண்டார்.