சர்டின் வரிசையில் ஒரு முற்றுகை

ஞாயிற்றுக்கிழமைகளில் நானும் என் கணவரும் போர் விளையாட்டு ஆடுவோம். மேசை மேல் வரைபடத்தை விரித்து, அதிலுள்ள அறுகோணக் கட்டங்களில் சின்னச் சின்ன அட்டைப் படைகளை நகர்த்த வேண்டும். எதிரிக்குப் பக்கத்துக் கட்டத்தில் கால் வைத்துவிட்டால் அங்கேயே நின்றுவிட வேண்டும், தாண்ட முடியாது. இந்த ஒரு விதியை வைத்தே அவரைப் பல முறை மடக்கியிருக்கிறேன்.

கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது, வீட்டுக்கு ஒருவர்தான் சாமான் வாங்கப் போகலாம் என்றார்கள். யார் போவது என்ற பேச்சே எழவில்லை.

"நீ போனா ஜெயிச்சிட்டு வருவ. நான் போனா என்னைச் சுத்தி வளைச்சிடுவாங்க" என்று கார் சாவியை என்னிடம் நீட்டினார்.

எங்கள் ஊரான அலோர் காஜாவின் சூப்பர்மார்க்கெட் வாசலில் காய்ச்சல் பார்த்து உள்ளே விட்டார்கள். ஆளுக்கு ஆள் விலகி நிற்கும் கூடல் இடைவெளிக்காகத் தரையெங்கும் மீட்டருக்கு ஒரு கோடாக மஞ்சள் டேப் ஒட்டியிருந்தார்கள். போகும் திசைக்கு அம்புக்குறி வேறு. பார்த்ததும் முகக்கவரிக்குள் சிரித்துவிட்டேன். மூக்குக்கண்ணாடி முழுக்க ஆவி படிந்தது. ஊரே எங்கள் மேசைக்கு வந்துவிட்ட மாதிரி இருந்தது.

அரிசி, வெங்காயம் எல்லாம் சுலபமாக முடிந்தது. சர்டின் மீன் டின் வரிசையில்தான் மாட்டினேன். நான் அம்புக்குறிப்படி உள்ளே போக, எதிர்த்திசையில் ஒரு ஆன்ட்டி நிறைந்த டிராலியோடு வந்து நின்றார். டின்கள் சரியாக எங்கள் இருவருக்கும் நடுவில்.

"நீ எடுத்துட்டுப் போம்மா."

"நீங்க எடுங்க ஆன்ட்டி."

"எப்படி எடுக்கிறது? ஒரு மீட்டர் லா! நீ கொஞ்சம் பின்னாடி போயேன்."

திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் ஒரு மலாய்க்காரப் பெரியவர் கூடையோடு கோட்டில் நின்றுகொண்டிருந்தார். ஆன்ட்டியின் டிராலியோ திருப்ப முடியாத கனம். மூவரும் அசையவில்லை.

இப்படிப் படைகள் இறுகிக்கொண்டால் கடைசியில் நிற்பதைத்தான் முதலில் நகர்த்த வேண்டும். கையை உயர்த்தினேன். கொஞ்சம் பின்னால் போக முடியுமா என்று அந்தப் பெரியவரை மலாயில் கேட்டேன். அவர் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்துவிட்டு வரிசையின் முனைக்குப் போனார். நானும் இரண்டு கோடு பின்வாங்கினேன்.

"இப்ப வாங்க ஆன்ட்டி. ஒரு கோடு, நில்லுங்க. இன்னொரு கோடு."

"நீ என்ன போலீஸா?"

"இல்ல ஆன்ட்டி. வீட்டுல மேசை மேல சண்டை போடுறவ."

ஆன்ட்டி சிரித்த சிரிப்பில் முகக்கவரி தாடைக்கு இறங்கிவிட்டது. அதைப் பார்த்ததும் பெரியவர் இன்னும் பின்னால் பாய்ந்தார். நானும்தான். ஆன்ட்டி அவசரமாக மூக்கை மூடிக்கொண்டு முன்னேறி, தட்டிலிருந்த டின்களை எல்லாம் டிராலிக்குள் அள்ளிப் போட்டார்.

வழி விட்டவள் நான், கோட்டையைப் பிடித்தவர் அவர். சிரிப்பை அடக்கத்தான் சிரமமாக இருந்தது.

ஆன்ட்டி என்ன நினைத்தாரோ, சில டின்களைத் திரும்பத் தட்டில் அடுக்கினார். டிராலியை ஒரு கோடு பின்னுக்கு இழுத்தார்.

"உனக்கும் அவருக்கும். எடுத்துக்கோங்க. எங்க வீட்டுல ஆளு அதிகம்மா, அதான் அள்ளிட்டேன்."

என் பங்கை எடுத்துக்கொண்டு பெரியவருக்குக் கை காட்டினேன். அவர் தன் டின்னை எடுத்து, நெஞ்சில் கை வைத்து ஆன்ட்டிக்கு நன்றி சொன்னார்.

அன்று மத்தியானம் மிளகாய் தூக்கலாகப் போட்டு சர்டின் சம்பல் வைத்தேன். அதற்குப் பிறகு பல வாரங்கள் அதே கடையில் ஆன்ட்டியைப் பார்த்தேன். பேர் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கேயாவது நெரிசல் என்றால் தூரத்திலிருந்தே, "எந்தப் பக்கம்மா?" என்று சத்தம் கொடுப்பார். நான் கையை நீட்டுவேன். அவரோடு இன்னும் நாலைந்து டிராலிகளும் அந்தப் பக்கமே திரும்பும்.