மாடிக் கொடியில் காய்ந்த துணிகள்

மடிப்பக்கா என்று சொன்னால்தான் அந்தத் தெருவில் அவளைத் தெரியும். அவள் தேய்த்து மடித்த சட்டையைப் பிரிக்கவே மனசு வராது என்பார்கள். கீழே சலவைக் கடை, மேலே வீடு, மொட்டை மாடியில் கொடிகள். புருஷன் வீடு வீடாகத் துணி எடுத்து வருவான். கூடவே இருந்த கொழுந்தனுக்குப் பின்தெருவில் வந்த புது ஆலையில் வேலை. குப்பை பிளாஸ்டிக்கைக் காற்றுப் புகாத கொப்பரையில் காய்ச்சி எண்ணெயாக்குவார்கள். அதிலிருந்து மறுபடியும் புது பிளாஸ்டிக் செய்யலாம். “குப்பைக்கு மறுபிறவி அண்ணி!” என்று பீற்றிக்கொள்வான்.

மழைக்காலம் முடிந்ததும் முதல் புகார் வந்தது. வாத்தியார் சட்டையை விரித்துக் காட்டினார். தோள்பட்டை நெடுகப் பொடிப்பொடியாக ஓட்டை.

“சலவைக்குத்தானே போட்டேன்? சல்லடையாக்கித் தந்திருக்கியே!”

அவள் சோப்பை மாற்றினாள், இஸ்திரிப் பெட்டியின் சூட்டைக் குறைத்தாள். ஓட்டைகள் நிற்கவில்லை. ஒருநாள் மாடியில் காய்ந்த போர்வையை உதறியபோது அது இரண்டாகக் கிழிந்து கையோடு வந்தது. காற்று ஆலைப் பக்கமிருந்து அடித்தது. தொண்டை எரிந்தது.

சாயங்காலம் கொழுந்தனை வாசலிலேயே நிறுத்தினாள்.

“தம்பி, கொப்பரையில என்ன போடுறீங்க?”

“பை, டப்பா... அதான் அண்ணி.”

“என் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்க.”

அவன் தலையைத் தூக்கவில்லை. “பழைய பி.வி.சி. தண்ணிக் குழாயும் கலந்து வருது. பிரிச்செடுக்க ஆள் போடல. அது சூடானா ஆசிட் புகை வரும். புகையைக் கழுவுற தொட்டி கெட்டு ரொம்ப நாளாச்சு. வெளிய சொல்லிடாதீங்க.”

“துணிக்கே இந்தக் கதின்னா, உங்க நெஞ்சு?”

பதில் சொல்ல வாயெடுத்தான், இருமல் முந்திக்கொண்டது.

மறுநாள் கிழிந்த போர்வையோடு ஆலைக்குப் போனாள். மேலாளர் நாற்காலி போட்டு உட்காரவைத்தார். புதுப் போர்வையே வாங்கித் தருவதாகச் சொன்னார்.

“போர்வை கிடக்கட்டும் சார். அந்தத் தொட்டியை எப்ப சரி பண்ணுவீங்க?”

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. “தொட்டியா? அதை உங்களுக்கு யாரும்மா சொன்னது?”

அவள் போர்வையைச் சுருட்டிக்கொண்டாள். “யாரும் சொல்லல” என்று எழுந்து வந்துவிட்டாள்.

அடுத்த வாரமே கொழுந்தனை, புகை நேரே முகத்தில் அடிக்கும் கொப்பரை வாய்க்கு மாற்றினார்கள்.

“இனிமே போகாதீங்க தம்பி,” என்று கெஞ்சினாள்.

“இப்ப வேலைய விட்டு நின்னா, நான்தான் சொன்னேன்னு உறுதியாயிடும் அண்ணி.” முகத்தில் ஈரத்துண்டைக் கட்டிக்கொண்டு இறங்கிப் போனான்.

மாடிக் கதவைப் பூட்டப் போனவள் எட்டிப் பார்த்தாள். ஆலைக்குள் இரண்டாவது கொப்பரைக்கு அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்தார்கள்.