தேங்காயெண்ணெயும் தேன்மெழுகும்

என் மனைவி ஸ்பூனால் சோறு தின்ன ஆரம்பித்த பிறகுதான் அவள் கை எவ்வளவு மோசமாகிவிட்டது என்று எனக்கு உறைத்தது. அதற்கு முன்பே பல வாரங்களாக விரல் இடுக்குகள் சிவந்து, தோல் உரிந்து, கணுக்களில் கீறல் கீறலாக வெடித்திருந்தன. தண்ணீரிலேயே கிடக்கிற கை அப்படித்தான் இருக்கும் என்று அவள் சொன்னாள். நானும் அப்படியே விட்டுவிட்டேன். ஒருநாள் ரசம் பட்டு எரிகிறது என்று ஸ்பூனை எடுத்துக்கொண்டாள். எங்கள் வீட்டில் இருந்தது ஒரே ஒரு ஸ்பூன், அதுவும் உப்பு ஜாடிக்குள் கிடந்தது. அதைக் கழுவிக்கொண்டுவந்து உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி குனிந்து தின்றாள்.

அப்போது நாங்கள் கம்பம் ஊருக்குப் பக்கத்தில் ஒரு திராட்சைத் தோட்டத்தை ஒட்டிய வீட்டில் இருந்தோம். இப்போதும் அங்கேதான் இருக்கிறோம். நான் எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். திருப்பூரில் சாயப்பட்டறை, ஆந்திராவில் போர்வெல் லாரி, மலைக்கு அந்தப் பக்கம் ஏலத்தோட்டம் என்று பல இடம் பார்த்தேன். எங்கேயும் ஒரு வருஷம் முழுசாக நின்றதில்லை. யாரும் என்னை விரட்டவும் இல்லை. ஒருநாள் காலையில் எழுந்தால் அந்த இடம் பிடிக்காது, பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவேன். கல்யாணத்துக்குப் பிறகும் அப்படியேதான் இருந்தேன். சில சமயம் அவள் கூடவே வந்தாள், சில சமயம் கெங்குவார்பட்டியில் தன் தம்பி வீட்டில் இருந்தாள்.

இந்தத் தோட்டத்தில் மட்டும் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. கவாத்து வெட்டுவேன், கொடி கட்டுவேன், மருந்து அடிப்பேன். இரண்டாம் வருஷம் அவள் வாசல் ஓரத்தில் ஒரு முருங்கைக் கொம்பை ஊன்றினாள். அதற்கு முன் நாங்கள் இருந்த எந்த வீட்டிலும் அவள் எதையும் ஊன்றியதில்லை.

கைக்கு முதலில் அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரம்மா பார்த்துவிட்டு, சென்சிடிவ் ஸ்கின், எது பட்டாலும் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி, கையில் என்னென்ன படுகிறது என்று கேட்டார். சோப்பு, புளி, மிளகாய், சாம்பல் என்று இவள் அடுக்கினாள். களிம்பு கொடுத்தார்கள். தடவுகிற வரைக்கும் ஆறும், நிறுத்தினால் திரும்ப வெடிக்கும். கையுறை வாங்கித் தந்தேன், இரண்டு நாளில் கிழிந்தது. அன்றைக்கு ஆஸ்பத்திரியை விட்டு வெளியே வரும்போது, "நம்ம இருக்கிற இருப்புக்கு சென்சிடிவ் வேற" என்று சிரித்தாள். சிரிக்கும்போதும் கையைப் புடவையில் படாமல் தூக்கியே வைத்திருந்தாள்.

கடைக் கிரீம்கள் எல்லாம் வாசனைக்காகப் போடுகிற ஏதோ ஒன்றால் எரிந்தன. அதனால் நாமே செய்துவிடலாம் என்று போனில் வீடியோ பார்த்தேன். பளிச்சென்ற சமையலறையில் ஒரு பெண் குட்டித் தராசில் எடை போட்டு, சிரித்துக்கொண்டே செய்தாள். தேங்காயெண்ணெயும் மெழுகும் போதும் என்றாள். எங்கள் ஊர் மாதா கோவிலில், சிலை வைத்த கெபியில் எரிந்து மிஞ்சிய மெழுகுவர்த்தித் துண்டுகளை உபதேசியார் ஒரு டப்பாவில் போட்டு வைப்பார். மெழுகுதானே என்று அதில் ஒரு கை அள்ளிவந்து உருக்கினேன். ஆறினபோது கல் மாதிரி இறுகிவிட்டது. சுரண்டித் தேய்த்தால் கை முழுக்க வெள்ளையாகச் செதில் படிந்தது. அவள் பத்து விரலையும் விரித்து என் முன்னால் நீட்டினாள்.

"திரி ஒண்ணுதான் கொறை. பத்தவச்சா மாதா முன்னாடி நிக்கலாம்."

அடுத்தது கற்றாழை. வாய்க்கால் ஓரத்திலிருந்து மடல் வெட்டிவந்து, மஞ்சள் பால் வடிய விட்டு, சோற்றை எடுத்து எண்ணெயோடு அடித்தேன். முதல் நாள் குளுகுளுவென்று நன்றாக இருந்தது. ஐந்தாம் நாள் மூடியைத் திறந்தால் புளித்த வாடை, ஓரத்தில் கறுப்புப் புள்ளிகள். தண்ணீர்ச் சத்து சேர்ந்த எதுவும் வெளியே வைத்தால் நிற்காது என்று அப்புறம் தெரிந்துகொண்டேன். பிறகு யாரோ சொன்னார்கள் என்று மஞ்சளும் எலுமிச்சையும் சேர்த்தேன். தடவினதும் அவள் வாளித் தண்ணீரில் கையை முக்கிக்கொண்டு அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தாள். என்னை ஒன்றும் சொல்லவில்லை. ஏதாவது சொல்லியிருந்தால் தேவலை என்று இருந்தது.

கடைசியில் அல்லிநகரத்தில் ஒரு நாட்டு மருந்துக் கடையில் நல்ல தேன்மெழுகு கிடைத்தது. அதைச் சீவி ஒரு பங்கு, செக்கில் ஆட்டின தேங்காயெண்ணெய் ஐந்து பங்கு. பாத்திரத்தை நேராக அடுப்பில் வைக்காமல், கொதிக்கிற தண்ணீருக்குள் வைத்து உருக்க வேண்டும். மெழுகு கரைந்ததும் இறக்கி, காய்ந்த டப்பாவில் ஊற்ற வேண்டும். வேறு ஒன்றும் சேர்க்கக் கூடாது, வாசனைக்குக்கூட. முதலில் முழங்கையின் உள்பக்கம் கொஞ்சம் தடவி ஒருநாள் பார்த்தோம். எரியவில்லை, தடிக்கவில்லை. அதன் பிறகு தினமும் ராத்திரி படுக்கும் முன் தடவிக்கொண்டாள். காலையில் கை கொஞ்சம் மெத்தென்று இருக்கும், சாயங்காலத்துக்குள் திரும்ப வெடிக்கும். நான் அளவை மாற்றி மாற்றிச் செய்தேன். தோட்டத்திலிருந்து உடம்பு ஓய்ந்து வந்து, அடித்த மருந்தின் துத்தம் படிந்து விறைத்த சட்டையைக் கழற்றி வாளியில் போட்டுவிட்டு, மெழுகைச் சீவ உட்காருவேன். அவள் அந்தப் பக்கம் சட்டையைத் துவைத்துக்கொண்டிருப்பாள்.

அந்தச் சமயத்தில் அவள் தம்பி பெண்டாட்டிக்கு வயிற்றில் ஆபரேஷன் ஆனது. சமைத்துப் போட ஆள் இல்லை என்று இவள் கெங்குவார்பட்டிக்குப் போனாள். மெழுகு டப்பாவை மறந்து மாடத்திலேயே வைத்துவிட்டாள். தினமும் அது கண்ணில் பட்டது. அங்கே பாத்திரம், துணி, சமையல் எல்லாம் அவள் ஒருத்திதான், கை என்ன கதியோ என்று இருந்தது. பன்னிரண்டாம் நாள் ஒருநாள் லீவு சொல்லிவிட்டு, டப்பாவை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பஸ் உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி என்று நின்று நின்று போனது. வழியில் பழைய போர்வெல் லாரிக் கூட்டாளி போன் செய்தான். கர்நாடகாவில் வேலை இருக்கிறதாம், ஆள் வேண்டுமாம். பார்க்கலாம் என்றேன். அந்த மாதத்தில் அவனிடம் மூன்றாவது தடவையாக அப்படிச் சொல்கிறேன். இரண்டு வருஷம் ஒரே திராட்சைப் பந்தலுக்கு அடியில் குனிந்து நடந்ததில் எனக்குச் சலிப்பு தட்டியிருந்தது.

மத்தியானம் போய்ச் சேர்ந்தேன். மனைவி அடுப்படிக்கு வெளியே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கையால் சாப்பிட்டாள். ரசம் சோற்றை விரலால் பிசைந்து, விரல் இடுக்கில் வழிந்ததை வழித்து வாயில் போட்டாள். நான் டப்பாவோடு வாசலிலேயே நின்றுவிட்டேன்.

கட்டிலில் படுத்திருந்த தம்பி பெண்டாட்டிதான் முதலில் என்னைப் பார்த்தது.

"வாங்கண்ணே. அதுக்குள்ள மதினியக் கூட்டிட்டுப் போக வந்துட்டீகளா?"

மருந்தை மறந்துவிட்டு வந்துவிட்டாள், அதுதான் கொண்டுவந்தேன் என்றேன்.

"எதுக்குண்ணே மருந்து? இங்கன வந்தப்ப மதினி கையப் பாத்து நானே பயந்துட்டேன். இப்பப் பாருங்க. ஒங்க மொகத்தப் பாக்காம இருந்தாத்தான் ஆறும் போல."

சொல்லிவிட்டுச் சிரித்தது. சிரித்ததில் தையல் இழுத்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டது. என் மனைவி சிரிக்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு, எனக்குத் தட்டு எடுக்க உள்ளே போனாள்.

சாப்பிட்ட பிறகு அவள் பின்பக்கம் துணி துவைக்கப் போனாள். நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். தம்பியின் சட்டை, வேட்டி, போர்வை என்று ஒரு குவியல் கிடந்தது. எங்கள் வீட்டில் போடுகிற அதே சோப்புக் கட்டிதான் இருந்தது. அடித்துத் துவைத்தாள், பிழிந்தாள், கை அப்படியே இருந்தது. சோப்பால்தான், தண்ணீரால்தான் என்று இத்தனை நாளாக எல்லோரும் சொன்னார்கள். இங்கே சோப்பும் இருக்கிறது, தண்ணீரும் இருக்கிறது. இல்லாதது ஒன்றுதான்.

திராட்சைப் பந்தலில் மருந்து அடிப்பவன் தலைக்கு மேலே பார்த்து அடிக்க வேண்டும். இலையில் படுவது பாதி என்றால், திரும்ப அவன் மேலேயே சொட்டுவது பாதி. மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்த தண்ணீர், அது போக வேறு மருந்துகள். என் தோல் சாயப்பட்டறையிலேயே தடித்துப்போனது, எனக்கு எதுவும் செய்யவில்லை. அந்தச் சட்டையைத்தான் அவள் இரண்டு வருஷமாக வெறுங்கையால் கசக்கினாள்.

"அப்ப என் சட்டைதான்" என்றேன்.

அவள் போர்வையை அலசிக்கொண்டிருந்தாள்.

"ஒனக்குத் தெரியுமா?"

"தெரியும். மழைக்கு நீங்க மருந்து அடிக்காம இருந்தீகள்ல, அந்தப் பத்து நாளு கை நல்லா இருந்துச்சு. அப்பவே தெரியும்."

"டாக்டர்கிட்டயும் சொல்லல. என்கிட்டயும் சொல்லல."

"சொன்னா என்ன செய்வீக? மறுநாளே பையத் தூக்குவீக." போர்வையின் ஒரு முனையை என் பக்கம் நீட்டினாள், நான் பிடித்துக்கொண்டேன். இருவரும் முறுக்கிப் பிழிந்தோம். "கெளம்புறதுக்கு ஒரு காரணம் ஆப்புடாதான்னு தெனமும் பாத்துக்கிட்டுத்தான இருக்கீக. அதுக்கு என் கையக் குடுக்கணுமா?"

சட்டைப் பையில் போன் இருந்தது. காலையில் பஸ்ஸில் பேசினதை அவள் கேட்டிருக்க முடியாது. ஆனாலும் கேட்டதுபோலத்தான் பேசினாள்.

இன்னும் ஒரு வாரம் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். சாயங்காலம் தனியாகக் கிளம்பினேன். தேனி பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் கொஞ்ச நேரம் நின்றேன். திருப்பூர் போகிற பஸ் நின்றது, மதுரை பஸ் நின்றது. அவள் தடுத்தது நான் போவதைத்தான். அதற்காகக் கையைப் புண்ணாக விட்டாள். அந்தக் கையையே சாக்காக வைத்து நான் இப்போது கிளம்பினால் ஊரில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். பெண்டாட்டிக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வேலையை விட்டுவிட்டான் என்பார்கள். அவளுக்கு மட்டும் தெரியும். கம்பம் பஸ்ஸில் ஏறினேன்.

மறுபடி மருந்து அடித்த அன்று, வீட்டுக்குப் போகாமல் மோட்டார்க் குழாயடியிலேயே சட்டையைக் கழற்றிப் போட்டு நானே துவைத்தேன். கூட வேலை செய்கிறவர்களுக்கு அது வேடிக்கையாகப் போய்விட்டது. என்னப்பா, வீட்டுக்காரி விட்டுட்டுப் போயிருச்சா என்று கேட்டார்கள். ஆமா என்றேன். துவைத்துப் பார்த்தால் லேசில் போகவில்லை. நாலு தடவை அலசியும் தண்ணீர் நீலமாகவே வந்தது. வேலை முடிந்து இடுப்பு கழன்றுபோன நேரத்தில் குனிந்து துவைப்பது என்ன பாடு என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அடிக்கிற வேலைக்கென்று இரண்டு சட்டையை ஒதுக்கி, அதை வீட்டுக்குள் கொண்டுவராமல் பம்புசெட் கொட்டகையில் மாட்டிவைத்தேன்.

அவள் திரும்பிவந்த அன்று வழக்கம்போல வாளியைப் பார்த்தாள். காலியாக இருந்தது. ஸ்பூனைத் திரும்ப உப்பு ஜாடிக்குள் போட்டாள்.

எண்ணெய் மெழுகு இன்னும் வீட்டில் இருக்கிறது. இப்போது அவள்தான் உருக்குகிறாள், அளவு என்னைவிட அவளுக்கு நன்றாக வருகிறது. பாத்திரம் கழுவின பிறகு கொஞ்சம் தடவிக்கொள்கிறாள், கை நன்றாகவே இருக்கிறது. லாரிக்காரன் இன்னும் போன் செய்கிறான். வரவில்லை என்று சொல்லப் பழகிவிட்டேன். எனக்கு இந்த வேலை இப்போதும் பிடிக்கவில்லை. மழை மாதங்களில் கொட்டகையில் சட்டை காயாது. மழை விட்ட நாளில் ஈரத்தோடு போட்டுக்கொண்டு பந்தலுக்குள் போகிறேன்.