கொலுப் பையில் வந்த குகைக் கல்

போன நவராத்திரி சமயம். மயிலாப்பூரில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடிக் குடியிருப்பில், மேல் வீட்டு மாமி கொலுவுக்குக் கூப்பிட்டிருந்தார். சுண்டல் சாப்பிடப் போனவள் வயிறெரிந்து திரும்பினேன்.

அதற்குச் சில மாதம் முன்புதான் எங்கள் குடியிருப்புப் பெண்கள் சேர்ந்து அந்தமான் டூர் போயிருந்தோம். அங்கே ஒரு சுண்ணாம்புக் குகை. மேலிருந்து நீர் சொட்டிச் சொட்டி, தரையில் கற்கள் தூண் தூணாக வளர்ந்திருந்தன. விரல் அளவு வளரவே பல நூறு வருஷம் ஆகுமாம். நிலம் அதிர்ந்தால் சொட்டு விழும் இடம் மாறி, கல்லும் கோணிக்கொண்டு வளருமாம். அதை வைத்தே எந்தக் காலத்தில் பூகம்பம் வந்தது, எப்போது கடல் பொங்கியிருக்கும் என்று கண்டுபிடிக்கிறார்களாம். கைடு சொல்லச் சொல்ல எனக்கு அக்கா நினைவுதான் வந்தது. நான் பட்டினப்பாக்கத்தில் பிறந்தவள். விற்பதற்கு மீன் எடுக்கக் கரைக்குப் போன என் அக்காவைச் சுனாமி கொண்டுபோனது. உடல்கூடக் கிடைக்கவில்லை.

"அந்த சுனாமியைக் கிளப்பின பூகம்பமும் இதுல இருக்குமா?" என்று கேட்டேன்.

"இருந்தா நுனியிலதான்மா இருக்கும். அதான் புதுசா வளர்ந்தது. கை வைக்காதீங்க" என்றார். மாமி என் பக்கத்தில்தான் நின்றிருந்தார்.

கொலுவில் வெற்றிலை பாக்கோடு மாமி கொடுத்த பையில் ஒரு சின்ன டப்பா. திறந்தால், வட்டமாக அறுத்த வெள்ளைக் கல்.

"நீங்கள்லாம் போட்டோ எடுத்துண்டிருந்தப்போ அந்தக் குகையிலேர்ந்து உடைச்சுண்டு வந்தேன். சுயம்பு லிங்கமாட்டம் இருந்தது. நான் மட்டும் வெச்சுண்டா நன்னாவா இருக்கும்? மார்பிள் கடையில குடுத்து வில்லை போட்டுட்டேன்."

"கைடு சொன்னத நீங்களும் கேட்டுக்கினுதானே இருந்தீங்க மாமி?"

"வளர்ற கல்லுதானே. திரும்ப வளர்ந்துடும்."

வாழைக்கன்று என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது. திருடியது போதாதென்று, ரிட்டர்ன் கிஃப்ட் கொடுத்துப் புண்ணியம் வேறு தேடுகிறார். சுற்றி இருந்தவர்களோ, "நல்ல நாளும் அதுவுமா விடுங்க" என்று என்னைத்தான் அடக்கினார்கள்.

நான் விடவில்லை. "நுனித் துண்டு எங்க மாமி?"

மீதிப் பைகளைப் பிரித்துப் பார்த்தார். "அது நேத்திக்கே யாருக்கோ போயிடுத்து போலருக்கே."

என் பங்குக்கு வந்தது நடுத்துண்டு. அதை அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் வைக்க மனம் ஒப்பவில்லை, தூக்கிப்போடவும் கை வரவில்லை. குகையில் வேறு கற்கள் இருக்கின்றன, தெரியும். ஆனாலும் அக்கா போன அந்த நாளைத் தன்னுள் வைத்திருந்த துண்டு, யார் வீட்டு ஷோகேஸிலோ இன்னதென்று தெரியாமல் கிடக்கிறது என்று நினைத்தால் இன்றும் கோபம்தான் வருகிறது. அது ஆற வேண்டும் என்று நான் ஆசைப்படவும் இல்லை.