வரதன் அண்ணையின் பனிக்குளத்துப் புத்தகம்

வரதன் அண்ணை போய்விட்டார் என்று அவருடைய தங்கை அழைத்துச் சொன்னபோது, நான் பாரிஸின் கார் து நோர் ரயில் நிலையத்தில் இறங்கிக் கடை திறக்கப் போய்க்கொண்டிருந்தேன். அழுகை வரவில்லை. புத்தகம் எங்கே என்றுதான் முதலில் நெஞ்சு அடித்துக்கொண்டது. சொல்ல வெட்கமாக இருந்தாலும் அதுதான் உண்மை. அந்தப் புத்தகத்துக்கு நான் பொறுப்பு என்று கையெழுத்து வைத்திருந்தேன்.

தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில் அவரைப் புடவைக்கடை வரதனாக அறிந்தவர்கள்தான் அதிகம். அதற்கு முன் பதினொரு வருடம் ஸ்கொட்லாந்தில் ஒரு கிராமத்து ஹோட்டல் குசினியில் சமையல் வேலை செய்தவர். அங்கே கேர்லிங் என்றொரு விளையாட்டு. உறைந்த குளத்தில் கருங்கல்லை வழுக்கி விடுவார்கள். கல்லுக்கு முன்னால் இரண்டு பேர் தும்புத்தடியால் பனியைக் கூட்டித் தேய்த்துக்கொண்டே ஓடுவார்கள். "விட்டவன் கையிலை ஒண்டுமில்லை. முன்னாலை கூட்டுறவன்தான் கல்லைக் கொண்டுபோறான்" என்பார். கடை வாசலைக் கூட்டும்போதும் இதைச் சொல்லிச் சிரிப்பார்.

அந்த ஊர்க் கழகம் தொடங்கிய காலத்துக் கூட்டக் குறிப்பேட்டை, இப்போதைய செயலாளரான ஒரு பண்ணைக்கார அம்மா அவரை நம்பி இரவல் கொடுத்திருந்தார். ஒரே பிரதி; பிணைக் கையெழுத்து என்னுடையது. குளம் உறையும் மாரி தொடங்குமுன் திருப்பித் தரவேண்டும். அதை வைத்துக் கழகத்தின் ஆரம்ப வரலாற்றைத் தமிழில் எழுதிக்கொண்டிருந்தார். இது உங்களுக்கு எதற்கு என்று ஒருநாள் கேட்டேன்.

"இஞ்சை எங்கடை ஊர்ச்சங்கம் மூண்டு வருசத்திலை ரண்டாப் பிரிஞ்சு போச்சு. அங்கை காணிக்காரரும் பாதிரியாரும் கொல்லனும் உழவனும் ஒரே குளத்திலை நிண்டவங்கள். எப்பிடிப் பிரியாமல் இருந்தவங்கள் எண்டு பாக்கவேணும்."

பிரிந்த சங்கத்தின் ஒரு பாதிக்கு நான் செயலாளர். மறு பாதிக்குத் தலைவர் குலம் அண்ணை. பாரிஸ் புறநகரான லெ பிளாங்-மெனிலில் அடுத்தடுத்த தெருவில் இருந்தும் ஆறு வருடமாக நாங்கள் பேசுவதில்லை. குறிப்பேட்டின் முதல் விதி, பனியில் நிற்கும்வரை அரசியல் பேசக்கூடாது என்பது. அதை வரதன் அண்ணை எனக்கு மூன்று தரம் வாசித்துக் காட்டினார். குலம் அண்ணைக்கும் காட்டியிருப்பார்.

மூன்று நாள் அவருடைய அறையைத் தேடினேன். அலுமாரி, கட்டிலின் கீழ், எங்கும் இல்லை. அவர் எழுதிய தமிழ்த் தாள்கள் மட்டும் கிடைத்தன. திரை மூடியிருந்த சாமித்தட்டை மட்டும் நான் தொடவில்லை, சாவுத் துடக்கு வீடல்லவா. அந்த அம்மாவுக்கு என்ன பதில் சொல்வது என்று நினைத்து நினைத்து, பார்த்த அலுமாரியையே திரும்பத் திறந்து பார்த்தேன்.

கிரியை நாளன்று வாய்க்கரிசி போட வரிசையில் நின்றேன். பெட்டி மூட இன்னும் ஐந்து நிமிடம்தான் என்று பிரெஞ்சு ஊழியர் மணிக்கூட்டைக் காட்டினார். குனிந்தேன். அண்ணையின் கைகளுக்குக் கீழே பட்டுத்துணியில் சுற்றிய தடித்த புத்தகம் ஒன்று இருந்தது. இதை யார் வைத்தது என்று கேட்டேன்.

"நான்தான்" என்றார் குலம் அண்ணை, ஆறு வருடத்துக்குப் பிறகு. "சாமித்தட்டிலை இருந்தது. தங்கச்சி எடுத்து வைக்கச் சொன்னா. அவர் கை கழுவாமல் தொடாத தோத்திரப் புத்தகமாம். துடக்கு எண்டு நான் திறந்து பாக்கேல்லை."

கையை விட்டு இழுத்தேன். செத்தவரின் கையிலிருந்தும் பறிக்கிறான் என்று பின்னால் ஒருவர் சத்தமாகவே சொன்னார். குலம் அண்ணைதான் முடிச்சை அவிழ்த்தார். உள்ளே பழைய ஆங்கிலக் கையெழுத்தைக் கண்டதும் அவர் முகம் வெளிறிவிட்டது.

"எரிச்சிருப்பனே" என்றார். பிறகு பின்னால் திரும்பி, எல்லாரையும் சும்மா இருக்கச் சொன்னார்.

இப்போது அது என் வீட்டில் இருக்கிறது. நாளுக்கு நாலு தரம் தொட்டுப் பார்க்கிறேன். தபாலை நம்பப் பயம். சனிக்கிழமை கார் து நோரில் ரயிலேறி ஸ்கொட்லாந்துக்கு நானே கொண்டுபோகிறேன். கழிப்பறைக்குப் போனால் பையை யார் பார்ப்பது என்று கேட்டுக் குலம் அண்ணையும் தனக்கு டிக்கெட் எடுத்துவிட்டார். அவ்வளவு நேரம் இருவரும் என்ன பேசப்போகிறோமோ, அது வேறு பயம்.

புத்தகம் அதன் ஊருக்குப் போய்விடும். அண்ணையின் தமிழ்த் தாள்களில் கடைசித் தாளை அவருடைய தங்கை எனக்குத் தந்தார். அதை நான் வைத்துக்கொள்கிறேன். வரலாறு அதில் கழகத்தின் இரண்டாம் மாரியோடு நிற்கிறது: "இந்த வருடம் குளம் உறையவில்லை. விளையாட்டு நடக்கவில்லை. கூட்டத்துக்கு எல்லாரும் வந்திருந்தார்கள்."